துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்த எண்பது நாள்

நதியாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி என்றதும் தோளில் மாட்டுகிற நீளச் சமாச்சாரத்தை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினால் மூக்கு மட்டும் வெளியே தெரியும், அவ்வளவுதான். சின்னஞ்சிறு ரிவால்வர். மதுரைக் கடைக்காரர் அதை எடுத்துக் காட்டும்போதே, "பொம்பளைங்க கைக்கு அடக்கமா இருக்கும்மா" என்று வளையல் விற்கிற மாதிரிதான் சொன்னார். துணிப்பையில் போட்டு, நாடாவை இடுப்பில் சுற்றி, சேலைக்குள் செருகிக்கொண்டால் வெளியே தெரியாது. தெரியாது என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சம்பாறையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

மஞ்சம்பாறை கொடைக்கானலிலிருந்து மேலே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, மிச்சமெல்லாம் பனி. அந்த ஊரில் ஒரு பெண் இடுப்பில் ரிவால்வரைக் கட்டிக்கொண்டு களையெடுக்கப் போகிறாள் என்றால் காரணம் இல்லாமல் போவாளா? காரணத்தின் பெயர் மலைச்சாமி. செத்துப்போன அவள் புருஷன் செல்வமுருகனின் கூடப்பிறந்த தம்பி.

செல்வமுருகன் ஆறு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. முப்பதாம் நாள் கும்பிட்ட கையோடு மலைச்சாமி வந்து, "புள்ளையில்லாதவளுக்குப் பூமி எதுக்கு மதினி?" என்று கேட்டான். ஒன்றரை ஏக்கர் பூண்டுத் தோட்டம், அவளும் புருஷனும் கல் பொறுக்கித் திருத்தியது. முடியாது என்றாள். நாலாவது நாள், நல்ல பகலில், அரிவாளோடு வந்தான். உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள். கதவை வெட்டினான். பலகையைப் பிளந்துகொண்டு வந்த வெட்டு அவள் இடது முழங்கைக்குக் கீழே இறங்கியது. கேரட் ஏற்ற வந்திருந்த வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் ஜாக்கி ராடைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததால் அவள் பிழைத்தாள். அந்த மனுஷன் பெயர்கூட அவளுக்குக் கோர்ட்டில் வைத்துத்தான் தெரியும்.

கேஸ் மூன்று வருஷம் இழுத்தது. மலைச்சாமி ஜாமீனில் இருந்தான். ஊருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவை நம்பி யாருக்குத் தூக்கம் வரும்? அந்த நாளில்தான் அவள் கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்குமாக அலைந்து, சுடத் தெரியும் என்று சான்றிதழ் வாங்கி, லைசென்ஸ் எடுத்தாள். அப்புறம் தீர்ப்பு வந்து அவனை மூன்று வருஷம் மதுரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அவன் போனான், துப்பாக்கி அவள் இடுப்பிலேயே தங்கிவிட்டது.

அதற்கும் முன்னால், துப்பாக்கி வாங்கிய புதிதிலேயே ஒன்று நடந்தது. மஞ்சம்பாறையில் பெண்கள் மாத்தாள் வைத்துத்தான் வேலை செய்வார்கள். இன்றைக்கு உன் தோட்டத்தில் பத்துப் பேர் இறங்கினால், நாளைக்கு நீ அந்தப் பத்துப் பேர் தோட்டத்திலும் ஒவ்வொரு நாளாக இறங்க வேண்டும். கூலி கிடையாது, கணக்கு மனசில். ஒரு நாள் பக்கத்து வீட்டு அன்னக்கொடியின் தோட்டத்தில் எல்லோரும் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தபோது நதியாவின் நாடா அவிழ்ந்தது. துப்பாக்கி பாத்தியில் விழுந்தது. பெண்கள் அப்படியே நிமிர்ந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அன்னக்கொடி அந்தத் துப்பாக்கியைப் பார்த்தாள், நதியாவைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நதியா அதை எடுத்து மண்ணைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் தோட்டத்துக்கு இரண்டே பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் அவர்களும் இல்லை. பயந்துவிட்டார்கள் என்று நதியா முடிவுகட்டினாள். பயந்தால் பயந்துகொள்ளட்டும், எனக்கென்ன வந்தது என்று அடுக்கம் கிராமத்திலிருந்து கூலிக்கு ஆள் கூட்டி வந்து வேலையை முடித்தாள். ரோசக்காரி. நாலு வருஷம் அந்த ரோசத்திலேயே ஓட்டினாள். ஊர்ச் சாமி கும்பிடும் திருநாளில் தனியாகப் பொங்கல் வைத்தாள், தனியாக இறக்கி, தனியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, தனியாகத் தின்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துப்பாக்கியை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்தாள். அவள் வீட்டில் அவ்வளவு கவனிப்பு வேறு எதற்கும் கிடையாது.

இப்படி இருக்கும்போது மார்ச் மாதம் கொடைக்கானல் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பேசியது ராஜகுமாரி, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் பெண் ஏட்டு.

"நதியாம்மா, எலெக்‌ஷன் தேதி அறிவிச்சாச்சு. உங்க ரிவால்வரக் கொண்டாந்து ஒப்படைச்சுருங்க. ரிசல்ட் வந்து எல்லாம் முடிஞ்சப்புறம் வாங்கிக்கலாம்."

"எத்தன நாளுங்க?"

"எண்பது நாள் ஆகும்மா."

மலைச்சாமி போன வாரம்தான் விடுதலையாகி வெளியே வந்திருந்தான். பெரியகுளத்தில் இருக்கிறான், 'அண்ணன் பொண்டாட்டிக்கு ஒரு முடிவு கட்டாம ஓயமாட்டேன்' என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று பஸ் கண்டக்டர் சொல்லியிருந்தார். நாலு வருஷம் எதற்காக நதியா அதைச் சுமந்தாளோ, அதற்கு வேளை வந்தபோது கொண்டுவந்து கொடு என்கிறார்கள்.

கொடைக்கானலுக்குப் போனாள். கெஞ்சிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா," என்றாள் ராஜகுமாரி. "பேங்க் செக்யூரிட்டிக்குத்தான் விலக்கு. மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். ஆனா கெடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அவன் வந்தா நான் என்னங்க செய்ய?"

ராஜகுமாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு சீட்டில் தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தாள். "எந்நேரமும் அடிங்க. எடுப்பேன்." ரிவால்வரில் சீட்டுக் கட்டி உள்ளே கொண்டுபோனாள். எஸ்டேட்காரர்களின் நெட்டைத் துப்பாக்கிகள் சுவரோரம் வரிசையாகச் சாத்தியிருந்தன. அவற்றின் நடுவே இது மூட்டையிலிருந்து உதிர்ந்த பூண்டுப் பல் மாதிரி கிடந்தது. நதியா ரசீதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வழி நெடுக அவள் கை இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தது.

மறுநாள் வெள்ளனே கதவைத் தட்டும் சத்தம். நதியாவுக்கு உயிரே இல்லை. கதவுச் சந்து வழியாகப் பார்த்தால் அன்னக்கொடி நிற்கிறாள். தலையில் பூண்டுக் கத்தை, இடுப்பில் இன்னொரு கத்தை. நாலு வருஷம் இந்த வாசலை மிதிக்காதவள்.

"என்னக்கா?"

"எங்க வீட்டுப் பரண் ஒழுகுது. பூண்டெல்லாம் நனஞ்சு கெடக்கு. ஒன் வாசல்ல போட்டு தாள் அறுத்துக்கிறேன். ஒனக்கு ஒண்ணும் செரமம் இல்லையே?"

மார்ச் மாதம். மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. ஒழுகுகிறதாம் பரண்! நதியா வாயைத் திறப்பதற்குள் அன்னக்கொடி கத்தைகளைத் தொப்பென்று போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் மேலவளவு வீடுகளிலிருந்து மூன்று பேர் தலையில் பூண்டோடு வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் பரண் ஒழுகியது. பத்து மணிக்குள் ஊரில் ஒழுகாத பரணே இல்லை என்று ஆகிவிட்டது. பதினொரு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வளைந்த சின்னக் கத்தியால் தாளை அறுத்து, வேரைச் சீவி, குவித்துக்கொண்டிருந்தார்கள். வாசலெல்லாம் பூண்டு வாடை, ஓயாத பேச்சு. மலைச்சாமி என்ற பெயர் மட்டும் ஒரு வாயிலிருந்தும் வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் ஒருத்தி போகவில்லை. அவள் வீட்டில் டிவி கெட்டுவிட்டதாம், நாடகம் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் வேறொருத்தி வீட்டில் டிவி கெட்டது. முறை வைத்துக் கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நதியா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தினமும் பெரிய பானையில் கடுங்காப்பி போட்டு எல்லோருக்கும் ஊற்றினாள். நாலு வருஷமாக ஒரே ஒரு டம்ளர் கழுவிய கை, பதினொரு டம்ளர் கழுவியது.

பத்தொன்பதாம் நாள் மலைச்சாமி வந்தான்.

காலை பத்தரை இருக்கும். பனி விலகி வெயில் அப்போதுதான் விழுந்திருந்தது. கீழே பஸ் நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படியேறி வந்து வாசல் ஓரத்தில் நின்றான். ஜெயிலில் இளைத்திருந்தான். அக்குளில் நியூஸ் பேப்பர் சுற்றிய நீளப் பொட்டலம், அதன் மேல் துண்டு. பேப்பருக்குள் என்ன என்று ஒருவரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நதியா காப்பிப் பானையோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். பானை நழுவியது. வலது கை தானாக இடுப்புக்குப் போய், சேலைக்குள் நுழைந்து, விரல் மடங்கியது. நாலு வருஷப் பழக்கம். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் வயிறு.

அதே நொடியில் அன்னக்கொடி எழுந்தாள். எழுந்தவள் நேரே நடந்து, நதியாவுக்கும் மலைச்சாமிக்கும் நடுவில் போய் நின்றாள். முதுகு நதியாவின் பக்கம், முகம் அவன் பக்கம்.

"என்ன சோலியா வந்த மலைச்சாமி?"

"ஒங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லக்கா. வெலகுங்க."

"வெலக மாட்டேன்."

"இது எங்க குடும்பத்துப் பிரச்சன."

"அவ எங்க மாத்தாளு. இது எங்க வேல நடக்குற எடம். நீ பாட்டுக்கு வந்து நின்னா வேல கெடுதுல்ல?"

அவன் பொட்டலத்தைக் கைக்கு மாற்றினான். பேப்பர் கிழிந்து அரிவாளின் முனை தெரிந்தது. அன்னக்கொடியின் சேலைக் கரை ஆடுவதை நதியா பின்னாலிருந்து பார்த்தாள். சேலை ஆடியதே தவிர, அவள் ஓர் அடி நகரவில்லை. அப்புறம் ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள். மடியிலிருந்த பூண்டுத் தாளை உதறிவிட்டு ஒவ்வொருத்தியாகப் பத்துப் பேரும் எழுந்து அன்னக்கொடிக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். கையில் கத்தி இருந்தது, ஆனால் ஒருத்தியும் ஓங்கவில்லை. சும்மா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலைச்சாமி இந்த முகத்திலிருந்து அந்த முகத்துக்குப் பார்த்தான். எல்லாம் அவனுக்குச் சின்ன வயசிலிருந்து சோறு போட்ட முகங்கள். ஒரு பெண்ணை வெட்ட வந்தவனுக்குப் பதினொரு பெண்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"குடு இங்க," என்று அன்னக்கொடி கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை, ஆனால் அவள் பிடித்து இழுத்தபோது கை விட்டுவிட்டது. அரிவாளை வாசல் திண்டுக்கு அந்தப் பக்கம் வீசினாள். "உக்காருடா."

உட்கார்ந்தான். அவனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க இடமே இல்லாமல் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி சிந்தாமல் மிச்சமிருந்த காப்பியை அவன் முன்னால் வைத்தாள். குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நதியா உள்ளே போய் ராஜகுமாரிக்கு அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பதினைந்தே நிமிஷத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. தேர்தல் பறக்கும் படை. ஊர் முகப்பில் வண்டிகளைச் சோதனை போட நின்றவர்களை ராஜகுமாரி திருப்பிவிட்டிருந்தாள். இரண்டு போலீஸ்காரர்களும் ஓர் அதிகாரியும், கூடவே கேமராக்காரர் ஒருவரும் இறங்கினார்கள். வாக்காளருக்குச் சேலை கொடுக்கிறவனைப் படமெடுக்க வந்த கேமராக்காரர், அரிவாளையும் மலைச்சாமியையும் காப்பி டம்ளரையும் விடாமல் எடுத்துக்கொண்டார். துப்பாக்கியைப் பறித்ததும் தேர்தல்தான், ஜீப்பைக் கொண்டுவந்ததும் தேர்தல்தான். அந்த வருஷம் நதியா விரலில் மை வைத்தபோது கையெடுத்துக் கும்பிட்டாள், மை வைத்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜீப் போன பிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். மலைச்சாமியை நினைத்து இல்லை. துப்பாக்கி இடுப்பில் இருந்திருந்தால் அவள் சுட்டிருப்பாள். சந்தேகமே இல்லை, விரல் மடங்கிவிட்டது. அவள் சுட்டிருக்கக்கூடிய அதே நொடியில் நடுவில் வந்து நின்ற முதுகு அன்னக்கொடியுடையது. பச்சை ரவிக்கை, தோள்பட்டைக்குக் கீழே ஒரு தையல் விட்டிருந்தது. அந்தத் தையல் விட்ட இடம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"முருகா, நீ இருக்கய்யா," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அன்னக்கொடியின் காலைப் பிடிக்கப் போனாள்.

"ஏத்தா, என்ன இது? எந்திரி. மசமசன்னு நிக்காம வெரசா வேலையப் பாரு. வியாழக்கெழம வடுகபட்டிச் சந்தைக்கு மூட்ட போகணும்ல?" என்று அன்னக்கொடி அதட்டினாள்.

ஜூன் மாதம் தேர்தலெல்லாம் முடிந்து, ராஜகுமாரி மறுபடி போன் செய்தாள். ரிவால்வரை வந்து வாங்கிக்கொள்ளலாம். நதியா, "அக்கா, கூட வர்றியா?" என்று கேட்டாள். அன்னக்கொடி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் மன்னவனூர்ப் பிரிவு தாண்டும் வரை வாயே திறக்கவில்லை. அன்னக்கொடி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

நதியாதான் ஆரம்பித்தாள். "அந்தத் துப்பாக்கிக்குப் பயந்துதான எல்லாரும் ஒதுங்குனீங்க? நீ வேணாம்னா நான் அதத் திரும்ப வாங்கல."

"பயமா?" அன்னக்கொடி திரும்பினாள். "எவடி பயந்தா? என் வீட்டுக்காரரு பன்றிக்கு வேட்டு வைக்கிற ஆளு, நான் இதுக்குப் பயப்படுவேனா?"

"பின்ன?"

அன்னக்கொடி முந்தானையால் ஜன்னல் கண்ணாடியின் பனியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவன் ஒன் கதவ வெட்டுனான்ல. நீ என் பேரச் சொல்லித்தான கத்துன? அக்கா, அன்னக்கொடியக்கான்னு. எனக்குக் கேட்டுச்சு. நான் என் கதவச் சாத்தித் தாப்பாப் போட்டேன். நான் மட்டுமில்ல, அந்த வளவுல எல்லாரும். எவனோ வெளியூரு டிரைவரு வந்து ஒன்னயக் காப்பாத்துனான். அப்புறம் என் தோட்டத்துல அது ஒன் இடுப்புலேர்ந்து விழுந்துச்சு பாரு, அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. நாங்க வரமாட்டோம்னு தெரிஞ்சுதான் நீ அத வாங்கிருக்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒன் பக்கத்துல குனிஞ்சு களையெடுக்க?"

நாலு வருஷமாக நதியா ஊரைத் தப்பாகப் படித்திருந்தாள். அவர்கள் ஒதுங்கியது அவளைப் பார்த்து இல்லை, தங்களைப் பார்த்து.

"அத ஸ்டேசன்ல வாங்கி வச்சுக்கிட்டாங்கன்னு கண்டக்டர் சொன்னான். அன்னைக்கே எல்லார் வீட்டுக்கும் போனேன். ஆத்தா, சாமி நமக்கு இன்னொருக்கா குடுத்துருக்கு, இந்தத் தடவயும் கதவச் சாத்துனா நம்ம பொம்பளைகளே இல்லன்னேன். நீ எங்களுக்கு நன்றி சொல்ற. வாசலத் தொறந்து விட்டியே, அதுக்கு நாங்கதான் ஒனக்குச் சொல்லணும்." மூக்கை உறிஞ்சினாள். "நீ போய் அத வாங்கிக்க. அது ஒம் பொருளு. அது இருந்தாலும் வருவோம், இல்லாட்டியும் வருவோம்."

நதியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு வரை விடவில்லை.

ஸ்டேஷனில் ராஜகுமாரி ரிவால்வரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, கையெழுத்துப் போடப் பதிவேட்டைத் திருப்பினாள். நதியா அந்தச் சின்னச் சாமானைப் பார்த்தாள். அதன் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. துணைக்கு யாரும் இல்லாத காலத்தில் அவளால் முடிந்ததைச் செய்துகொண்டாள், அதுவும் கூடவே இருந்தது.

"வேண்டாங்க. லைசென்ஸோட சேத்து ஒப்படைச்சுர்றேன்."

ராஜகுமாரி நிமிர்ந்தாள். "யோசிச்சீங்களா? மலைச்சாமி இப்ப உள்ளதான் இருக்கான். ஆனா என்னைக்கு இருந்தாலும் வெளிய வருவான்மா. திரும்ப லைசென்ஸ் கெடைக்கிறது லேசில்ல."

"யோசிச்சுட்டேன்."

அன்னக்கொடி கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ ஒரு கான்ஸ்டபிளிடம் பூண்டு விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ராஜகுமாரி ஒரு படிவத்தை எடுத்துத் தந்தாள். பெயர், ஊர், லைசென்ஸ் எண் எல்லாவற்றையும் நதியா எழுதினாள். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. ஆயுதத்தை ஒப்படைப்பதற்கான காரணம்.

"அதுல தேவைப்படலன்னு எழுதுங்க, போதும்," என்றாள் ராஜகுமாரி.

நதியா குண்டு குண்டான எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள்: 'எனக்கு ஆள் இருக்கிறது. பதினொரு பேர்.'

ராஜகுமாரி படித்தாள். அந்த வரியை அடிக்கப் போவது மாதிரி பேனாவை எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள். அப்படியே சீல் வைத்து உள்ளே அனுப்பினாள்.